போனக்காட்டு வழியே பொதிகைக்கு

நெல்லைச் சீமையில் பிறந்தோர் பொதிகை மலையை மேற்கு வானத்தில் கண்டு வளர்ந்தவர்கள். பிழைப்பை நாடித் திருவனந்தபுரம் வந்து குடியேறிய பின்னர், வானம் தெளிந்த காலை வேளைகளில் அதே மலையைக் கிழக்கு வானத்தில் காண்கின்றார்கள். பிறந்த ஊருக்கும் பிழைக்க வந்த ஊருக்கும் நடுவே நிற்கின்ற அம்மலையை இரு பக்கமிருந்தும் கண்டோமேயன்றி, அதன்மேல் கால் வைத்ததில்லை என்ற குறை எங்களுக்கு நெடுநாளாக இருந்தது. சென்ற தை மாதத்தில் அக்குறை தீர்ந்தது. சென்று வந்த கதையோடு, அங்கே நாங்கள் செய்த பிழைகளையும் மறைக்காமல் எழுதுகின்றோம். இனிச் செல்லும் அன்பர்களுக்கு அவை பயன்படும் என்பது எங்கள் எண்ணம்.

நாம் பொதிகை என்றும் அகத்தியமலை என்றும் வழங்கும் இச்சிகரத்தை மலையாளிகள் அகஸ்தியார்கூடம் என்பர். உயரம் 1868 மீட்டர். நினைத்த நாளில் நினைத்தவர் ஏறக்கூடிய மலையன்று இது. பொங்கலை ஒட்டித் தொடங்கிச் சிவராத்திரி அளவில் முடியும் பருவத்தில், கேரள வனத்துறை நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று கணக்கிட்டு முன்பதிவின் பேரில் அனுமதிக்கின்றது. மருத்துவரின் உடல்தகுதிச் சான்றும் வேண்டும். எங்கள் குழுவில் ஐவர். அவர்களுள் அம்பாசமுத்திரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். கரமனையில் குடியிருக்கும் நண்பரின் மகனான கல்லூரி மாணவன் ஒருவன். மருத்துவமனையில் செவிலியாகப் பணிபுரியும் எங்கள் தங்கை ஒருத்தி.

விடியுமுன் தம்பானூரில் பேருந்து ஏறினோம். நெடுமங்காடு, விதுரை ஆகிய ஊர்களைக் கடந்தபின் சாலை குறுகிக் காட்டுக்குள் நுழைகின்றது. காணித்தடம் என்னும் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் வளைவுக்கு மேல் வளைவு. நகரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வந்தபின் பேருந்து நிற்கும் இடமே போனக்காடு.

ஆங்கிலேயர் காலத்தில் தேயிலை பயிரிட்ட மலைத்தோட்டம் இது. ஒரு காலத்தில் ஊதல் ஒலிக்கு எழுந்து, கூடை சுமந்து, இலை நிறுத்து, லயங்களில் வாழ்ந்த பல நூறு குடும்பங்கள் இங்கே இருந்தன. அவர்களுள் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வரப்பட்டோரின் வழிவந்தவர்கள். தோட்டம் நலிந்து வேலை நின்று ஆண்டுகள் பல ஆகிவிட்டன. தொழிற்சாலையின் இயந்திரங்கள் துருவேறி நிற்கின்றன. கவாத்து செய்வாரின்றித் தேயிலைச் செடிகள் மரமாக வளர்ந்துவிட்டன. போக இடமற்ற சில குடும்பங்கள் மட்டும் பழைய லயங்களிலேயே வாழ்கின்றன.

வனத்துறையின் பரிசோதனை தொடங்குவதற்கு இன்னும் நேரம் இருந்தது. லயம் ஒன்றின் வாசலில் அமர்ந்திருந்த மூதாட்டி எங்கள் தமிழ்ப் பேச்சைக் கேட்டு, “எந்த ஊரு மக்கா?” என்று வினவினார். அந்த ஒரு சொல்லிலேயே எங்கள் நெஞ்சம் குளிர்ந்தது. அப்பொழுது எங்கள் மாணவன் முந்திக்கொண்டு, “பாட்டி, இங்கே பேய் பங்களா எந்தப் பக்கம்?” என்று கேட்டுவிட்டான்.

இருபத்தைந்து ஜி.பி. என்னும் பழைய துரை பங்களா ஒன்று அம்மலைச் சரிவில் இடிந்து கிடக்கின்றது. அதில் பேய் உலவுகிறது என்று யாரோ கட்டிய கதை நாடெங்கும் பரவியிருக்கின்றது. அதைக் காணவென்றே பலர் இவ்வூருக்கு வருகின்றனர்.

மூதாட்டி சினம் கொள்ளவில்லை. சிறிது சிரித்தார். “இங்க வாரவுக எல்லாரும் பேய் எங்க இருக்குன்னுதான் கேக்காக. மனுசங்க எப்படி இருக்கீகன்னு ஒருத்தர் கேக்கல” என்றார்.

மாணவன் தலைகுனிந்தான். அவன் மட்டுமா? அவனை அழைத்து வந்த நாங்களும் அல்லவா தலைகுனிய வேண்டியவர்கள்! வாழ்வைத் தேடி மலை கடந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் நாம். அதே தேட்டத்தில் நமக்கு முன்னரே மலைமேல் வந்து, தேயிலையைத் தளிர்க்கச் செய்து, இறுதியில் தோட்டமும் கூலியும் இன்றி நின்றவர்கள் இவர்கள். நம்மினும் மூத்த குடியேறிகளின் வாசலில் நின்றுகொண்டு, பேய்க்கு வழி கேட்டோம். திரும்பும்போது வந்து பார்ப்பதாகச் சொல்லி விடைபெற்றோம்.

சோதனை நிலையத்தில் எங்கள் பைகளைத் திறந்து பார்த்தனர். மதுவும் புகையிலையும் நெகிழிப் பைகளும் கூடா. பூசைப் பொருள்களும் கூடா. பெரியவரின் பையில் கற்பூரமும் ஊதுபத்தியும் எண்ணெய்ப் புட்டியும் இருந்தன. தம் அன்னையின் பெயரால் அகத்தியர் சிலைமுன் விளக்கேற்றுவதாக அவர் நேர்ந்திருந்தார். “நெருப்புப்பொறி ஒன்று போதும், ஐயா! தை மாதத்துப் புல் கேட்டா எரியும்?” என்று காவலர் பணிவாகவே சொன்னார். பெரியவர் மறுமொழி சொல்லாமல் அவற்றை எடுத்து வைத்துவிட்டார். முகம் மட்டும் வாடியது. பாபநாசத்தில் மொண்டு வந்த தாமிரவருணி நீர் நிறைந்த எவர்சில்வர் பாத்திரம் ஒன்றை மட்டும் காவலர் அனுமதித்தார். அதைச் சிலைமேல் ஊற்றலாம் என்ற நம்பிக்கையோடு பெரியவர் நடக்கத் தொடங்கினார்.

வழிகாட்டியாக வந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க காணிக்காரர். இம்மலையின் பழங்குடிகள் காணிகளே. அவருடைய பேச்சு தமிழா மலையாளமா என்று பிரித்தறிய இயலாதபடி இரண்டுக்கும் உறவாக இருந்தது. அவர் முன்னே நடப்பார்; எங்களைக் கையமர்த்தி நிறுத்துவார்; காற்றை மோந்து பார்ப்பார்; பின்னர்த் தலையசைப்பார். யானையும் காட்டெருமையும் கரடியும் உலவும் காட்டில், அவருடைய தலையசைப்பே எங்களுக்கு அனுமதிச் சீட்டாக இருந்தது.

லாத்திமொட்டை கடந்து கரமனையாற்றை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. பாறைகளினிடையே பளிங்கு போன்று ஓடிய நீரைக் கண்டதும் எங்கள் களைப்பெல்லாம் பறந்தது. மாணவன் சட்டையைக் கழற்றிவிட்டு, பையிலிருந்து சோப்புக் கட்டியையும் எடுத்துக்கொண்டு நீரில் இறங்க முற்பட்டான். வழிகாட்டி அவனைத் தடுக்கவில்லை. “தம்பிக்கு வீடு எங்கே?” என்று மட்டும் கேட்டார். “கரமனை” என்றான் அவன். “இந்த ஆத்துக்கும் பேரு அதுதான். இந்தத் தண்ணி கீழே அணையில் விழும். அணையிலிருந்து உன் வீட்டுக் குழாய்க்கு வரும். உங்க அம்மா குடிக்கிற தண்ணி. குளிச்சுக்கோ” என்றார்.

சோப்புக் கட்டி மீண்டும் பைக்குள் சென்றுவிட்டது.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. இவ்வாறு பேப்பாறை அணையில் தேங்கி, அருவிக்கரைக்கு இறங்கி, அங்கே தூய்மை செய்யப்பட்டுத் திருவனந்தபுரத்துக்குக் குடிநீராகின்றது. அருவிக்கரை நீர் நகருக்கு வரத் தொடங்கியது 1933-இல். நகரம் பெருகி நீர் போதாமையால் பேப்பாறையில் அணை எழுந்தது 1983-இல். அவ்வாண்டிலேயே அதன் நீர்ப்பிடிப்புக் காடு வனவிலங்குச் சரணாலயமும் ஆயிற்று. நாள்தோறும் குழாயைத் திறக்கின்றோம், குடம் நிறைகின்றது. அக்குடத்தின் வேர் எங்கே இருக்கின்றது என்று நம்முள் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருப்போம்?

நீரிடத்தில் நடந்துகொள்ளும் முறை உலகெங்கும் உண்டு. ஜப்பானியர் தம் நாட்டு வெந்நீரூற்றுகளை உயிரினும் மேலாகப் போற்றுவோர். ஊற்றில் இறங்குமுன் வெளியே அமர்ந்து உடலைத் தேய்த்துக் கழுவி, அழுக்கும் நுரையும் நீங்கிய பின்னரே இறங்குவது அவர்கள் வழக்கம். ஊற்று உடல் ஓய்வதற்கேயன்றி அழுக்குப் போக்குவதற்கன்று என்பது அவர்தம் கொள்கை. அத்தனை தொலைவு ஏன்? ஈழத்துத் திருகோணமலைக்கருகே கன்னியாயில் வெந்நீர்க் கிணறுகள் ஏழு உள்ளன. அங்கே குளிப்போர் கிணற்றுக்குள் இறங்குவதில்லை. வாளியால் மொண்டு, வெளியே நின்று தலையில் ஊற்றிக்கொள்கின்றனர். வெந்நீராயினும் தண்ணீராயினும் முறை ஒன்றே. ஊற்றுக்கண்ணில் உன் அழுக்கை விடாதே. உனக்குப் பின்னே ஒருவன் வருகின்றான் என்பதே அது.

நாங்கள் பாத்திரத்தால் நீரை மொண்டு, கரையிலிருந்து விலகிச் சென்று முகமும் காலும் கழுவிக்கொண்டோம். அந்தக் குளிர்ச்சியில் ஒரு குறையும் இல்லை.

வாழைப்பைந்தியாறு, அட்டையாறு என ஆறுகள் ஒவ்வொன்றாக வந்தன. பின்னர்ப் புல்வெளி. அதன்பின் ஏழுமடக்குத்தேரி என்னும் கடும் ஏற்றம். மடங்கி மடங்கி ஏறும் அவ்வழி எங்கள் முழங்கால்களைச் சோதித்துவிட்டது. அப்பொழுது வழிகாட்டி சொன்ன ஒரு வரலாறு களைப்பை மறக்கச் செய்தது. அதைப் பின்னர் நாங்களும் படித்து அறிந்துகொண்டோம்.

1987-இல் தாவர ஆராய்ச்சியாளர் சிலர் காணிகளை வழித்துணையாகக் கொண்டு இக்காடுகளில் சுற்றினர். ஆராய்ச்சியாளர் சோர்ந்து விழ, காணிகள் மட்டும் ஏதோ சிறு காய்களைத் தின்றுகொண்டு சோர்வின்றி நடந்தனர். அஃது என்ன என்று கேட்டபோது அவர்கள் முதலில் சொல்லத் தயங்கினர். பின்னர் நம்பிக்கை வைத்து அச்செடியைக் காட்டினர். ‘ஆரோக்கியப் பச்சை’ என்று புகழ்பெற்ற மூலிகை அதுவே. பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிறுவனம் அதனை ஆராய்ந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கியது. 1995-இல் கோவை ஆர்ய வைத்திய நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு அதன் உரிமம் தரப்பட்டது. அத்தொகையில் பாதி காணிகளுக்கே என்று முடிவாயிற்று. அதனைப் பெற்றுப் பாதுகாக்க 1997-இல் காணிகளின் நல அறக்கட்டளை ஒன்றும் தோன்றியது. பழங்குடி மக்களின் அறிவுக்கு உரிய பங்கு அளித்த முன்னோடி முயற்சி என்று உலக நாடுகள் இதனை எடுத்துப் பேசின.

இக்கதைக்கு எதிரான கதையும் இம்மலைக்கு உண்டு. 1865-இல் ட்ரூரி என்னும் ஆங்கிலேயப் படைத்தலைவர் இம்மலைத்தொடரில் மஞ்சள் நிறப் பூவுடைய ஆர்க்கிட் செடி ஒன்றைக் கண்டார். சிறு பாதரட்சை போன்ற வடிவமுடைய அப்பூவுக்கு அவர் பெயரே வழங்குகின்றது. இம்மலைத்தொடரில் அன்றி வேறெங்கும் இயற்கையாய் வளராத செடி அது. செய்தி பரவியதும் பூப்பித்துக் கொண்டோர் வந்து, வேரோடு பெயர்த்துச் சென்றனர். இன்று அஃது அழிவின் விளிம்பில் நிற்கின்றது. ஒருவர் பறித்தால் ஒரு செடி போகும். ஒவ்வொருவரும் “நான் ஒருவன்தானே” என்று எண்ணியதால் ஓர் இனமே போகும் நிலைக்கு வந்தது. கேட்டுக் கற்றவர்களால் மலைக்கும் மக்களுக்கும் ஓரளவேனும் நன்மை விளைந்தது. கேளாமல் எடுத்தவர்களால் இழப்பே மிஞ்சியது.

மாலையில் அதிருமலை முகாமை அடைந்தோம். கொட்டகையில் பாய் விரித்துக் கொடுத்தனர். கஞ்சியும் பயறும் கிடைத்தன. நகரத்து விருந்துகளில் காணாத சுவையை அந்தக் கஞ்சியில் கண்டோம். இருட்டிய பின் ஒருவரும் வெளியே செல்லலாகாது, உரத்துப் பேசலாகாது, பாட்டுப் பெட்டி கூடவே கூடாது. இரவெல்லாம் காற்றின் இரைச்சல். இடையே தொலைவில் ஒரு பிளிறல் கேட்டது. எங்கள் வீட்டு வாசலில் யாரேனும் இரவில் கூச்சலிட்டால் நமக்கு எப்படி இருக்குமோ, அப்படித்தானே இங்கே வாழும் உயிர்களுக்கும் இருக்கும் என்று எண்ணியவாறே உறங்கினோம்.

மறுநாள் காலை சிகரத்துக்குப் புறப்பட்டோம். முன்னாள்களில் பெண்கள் இம்முகாமுக்கு மேலே செல்லும் வழக்கம் இல்லை. 2018-இல் கேரள உயர்நீதிமன்றம் பெண் என்பதற்காக மறுத்தல் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்னும் அம்மையார் அத்தீர்ப்பின்படி சிகரம் ஏறினார். அகத்தியரைத் தம் குலமுதல்வராக வணங்கும் காணிகளுக்கு அது மனவருத்தம் தந்தது. ஆயினும் அவர்கள் வழி மறிக்கவில்லை. கூடி அமர்ந்து வழிபாடு செய்து தம் வருத்தத்தைத் தெரிவித்தனர்.

எங்கள் தங்கை புறப்படுமுன் வழிகாட்டியிடம், “அண்ணா, நான் வருவதில் உங்களுக்கு வருத்தம் உண்டா?” என்று நேராகவே கேட்டாள். அவர் சற்று நேரம் மௌனமாக நின்றார். “எங்க மூத்தவங்களுக்கு உண்டு. சட்டம் உனக்கு வழி கொடுத்திருக்கு. நீ கேட்டாயே, அது போதும். மலைமேல் போனால் செருப்பைக் கழற்றிவிட்டு நில்லு” என்றார். உரிமையை விட்டுக்கொடுக்காமலே பிறர் மனத்தையும் மதிக்கலாம் என்பதை அன்று கண்டோம்.

பொங்கல்பாறையைக் கடந்தபின் மரங்கள் குட்டையாகிப் பாசி போர்த்து நிற்கின்றன. இறுதியில் வெறும் பாறை. செங்குத்தான இடங்களில் கயிறு கட்டியிருக்கின்றனர். அதனைப் பற்றிக்கொண்டு ஏறுகையில் காற்று நம்மைத் தள்ளிப் பார்க்கும். 1855-இல் திருவிதாங்கூர் அரசின் வானியலாளர் ஜான் ஆலன் பிரௌன் இச்சிகரத்தில் ஓர் ஆய்வுநிலையமே அமைத்து, காந்தப்புலத்தையும் வானிலையையும் அளந்தார் என்றால் அக்காலத்து மனவுறுதியை என்னென்பது!

சிகரத்தில் அகத்தியரின் சிறிய சிலை உள்ளது. சுற்றிலும் முகில். சிறிது நேரத்தில் முகில் விலகியது. மேற்கே பேப்பாறை நீர்த்தேக்கமும் நெய்யாற்று நீர்த்தேக்கமும் மின்னின. கிழக்கே மலை மடிப்புகளுக்கு அப்பால் நெல்லைச் சமவெளி தெரிந்தது. ஒருபுறம் எங்களைப் பெற்ற ஊருக்கு நீர் தரும் தாமிரவருணி. மறுபுறம் எங்களை ஏற்ற ஊருக்கு நீர் தரும் கரமனையாறு. இரண்டுக்கும் தாய்வீடு இம்மலைத்தொடர் ஒன்றே! மலைக்கு இப்பாலும் அப்பாலுமாகப் பிரிந்து வாழும் நம் குடும்பங்கள், அறியாமலே ஒரே வீட்டு நீரைத்தான் குடிக்கின்றன.

பெரியவர் பாத்திரத்தைக் கையில் எடுத்தார். சிலையை நோக்கினார். பின் வழிகாட்டியை நோக்கினார். வழிகாட்டி ஒன்றும் சொல்லவில்லை. “இங்கிருந்து போன நீர்தானே இது. இதை இங்கே கொண்டுவந்து நான் என்ன கொடுப்பது?” என்று பெரியவர் தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். கைகூப்பி நெடுநேரம் நின்றார். பின்னர் எங்கள் ஐவருக்கும் வழிகாட்டிக்கும் ஆளுக்கு ஒரு வாய் நீர் ஊற்றினார். தம் அன்னையின் பெயரைச் சொல்லித் தாமும் அருந்தினார். நேர்த்திக்கடன் அவ்வாறு நிறைவேறியது.

மூன்றாம் நாள் இறங்கி வந்தோம். பேருந்துக்கு ஒரு மணி நேரம் இருந்தது. மூதாட்டியின் வாசலுக்குச் சென்றோம். முதலில் மாணவனே பேசினான். “பாட்டி, நல்லா இருக்கீங்களா?” என்றான். அவர் அவனைத் திண்ணையில் அமர்த்திக் கட்டன்சாயா கொடுத்தார். தாம் கொழுந்து கிள்ளத் தொடங்கிய வயதையும், ஊதல் நின்ற நாளையும், கூலி நிலுவையில் நின்ற காலத்தையும், நகரத்துக்கு வேலைக்குச் சென்றுவிட்ட பிள்ளைகளையும் பற்றிச் சொன்னார். நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் தங்கை அவருடைய வீங்கிய காலைப் பார்த்து, காட்டவேண்டிய மருத்துவரைச் சொல்லி, மாத்திரைகளின் பெயரைத் தாளில் குறித்துக்கொண்டாள். பேருந்து வந்தபோது, “அடுத்த தையிலயும் வாங்க மக்கா” என்றார்.

சங்கத்து அன்பர்களுக்கு நாங்கள் சொல்ல விரும்புவது இவ்வளவே. போனக்காட்டுக்குச் செல்லுங்கள், பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். முன்பதிவின்றிச் செல்லாதீர்கள். நெகிழியை வீட்டிலேயே விடுங்கள். கொண்டு சென்றது உணவுத் துணுக்கேயாயினும் திருப்பிக் கொண்டுவாருங்கள். ஆற்றில் சோப்பும் எண்ணெயும் படவேண்டா. உடற்கடன் கழிப்பதானால் நீரைவிட்டு வெகுதொலைவு செல்லுங்கள். இலையையும் பூவையும் கண்ணால் மட்டும் எடுங்கள். வழிகாட்டியின் சொல்லை வீட்டுப் பெரியவரின் சொல்லாகக் கொள்ளுங்கள். அங்கே வாழும் மக்களின் வாசலைக் காட்சிப் பொருளாக எண்ணாதீர்கள்.

விருந்தாளியாகச் செல்வது எப்படி என்பதைக் குடியேறிய குடும்பங்களாகிய நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. பிறர் ஊரில் காலடி வைத்து, அவர் மொழி கற்று, அவர் வழக்கம் அறிந்து, நல்ல பெயரோடு வாழ்கின்றவர்கள் நாம். நகரத்தில் காக்கும் அந்த நாகரிகத்தைக் காட்டுக்கும் கொண்டு செல்வோம். இன்று மாலை குழாயைத் திறக்கும்போது, அந்நீர் புறப்பட்ட இடத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். கரமனை மாணவன் இப்பொழுது அவ்வாறுதான் செய்கின்றான் என்று அவன் அன்னை சொல்கின்றார்.